அத்தை முடிந்து வைத்த கத்தரி விதை

மொட்டை மாடியில் நாலு தொட்டி வைத்திருக்கிற நம்மில் பலரும் நாற்றுப் போடுவது பெரிய வித்தையா என்றுதான் நினைக்கிறோம். 2023 ஆடி மாதம் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன். அந்த மாதம் நான் பட்ட பாடு இன்னொருத்தி படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் மாமியார் துறையூர்ப் பக்கம் கிராமத்துக்காரர். நிலத்தை விற்றுவிட்டு எங்களோடு திருச்சிக்கு வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டியும், அதற்குள் சாம்பலில் பிரட்டி வெள்ளைத் துணியில் முடிந்த கத்தரி விதையும்தான் அவர் கொண்டு வந்தது. பச்சையில் வெள்ளை வரி ஓடுகிற காய். "பேரெல்லாம் தெரியாதும்மா, எங்க மாமியா காலத்துலேருந்து போடுறோம்" என்பார். ஊரில் இப்போது அதை யாரும் போடுவதில்லை. மீதியிருந்தது மொத்தம் நூற்றைம்பது விதை இருந்தால் அதிகம்.

ஆடிப் பட்டத்துக்கு அதில் நூறு விதையை வாங்கிக்கொண்டேன். நன்றாக வரவேண்டும் என்ற ஆசையில் கலவையில் ஒரு குறையும் வைக்கவில்லை! கடையில் வாங்கிய தேங்காய் நார்க்கட்டியை ஊறவைத்து அப்படியே உதிர்த்துப் போட்டேன். மண்புழு உரம் சரிபாதி. பால்காரரிடம் கேட்டு வாங்கிய சாணம் இரண்டு கை. வேப்பம் புண்ணாக்கு தாராளமாக. காலையும் மாலையும் தண்ணீர்.

ஏழாம் நாள் எண்பதுக்கு மேல் முளைத்தது. ஓடிப்போய் அத்தையைக் கூட்டி வந்து காட்டினேன். பத்தாம் நாள் காலையில் பார்த்தால், தண்டின் அடியில் யாரோ நகத்தால் கிள்ளியதுபோல் கறுத்து, வரிசையாகச் சாய்ந்து கிடக்கிறது. சாயாமல் நின்றவற்றின் இலை ஓரம் கருகியிருந்தது. ஒரு வாரத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. அத்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒன்றும் சொல்லாமல் மிச்ச விதையைத் திரும்ப முடிந்து பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

எங்கள் தெருவில் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். தட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். கையில் அள்ளி முகர்ந்து பார்த்தவர், "ஏம்மா, பொறந்த புள்ளைக்குக் கறிக்குழம்பா ஊட்டினே?" என்றார்.

முளைத்து வரும் செடிக்கு முதல் பத்து நாள் சாப்பாடு விதைக்குள்ளேயே இருக்கிறதாம். அப்போது அதற்கு வேண்டியது வேர் ஓட இடம், காற்று, அளவான ஈரம், சுத்தம். நான் போட்ட பச்சைச் சாணம் மட்கும்போது சூடு கிளப்பும். சொதசொதவென்று தண்ணீரும் நின்றால் பித்தியம் என்ற பூஞ்சை போன்ற கிருமிக்குக் கொண்டாட்டம். தண்டைக் கிள்ளியது அதுதான். நாற்றழுகல் என்று பெயர். இலை கருகியதற்குக் காரணம் நார்க்கட்டியில் இருந்த உப்பு. தேங்காய் மட்டையிலேயே இயல்பாக உப்பு உண்டு. மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்டு நார் எடுத்தால் இன்னும் கூடும்.

ஆகவே நார்க்கட்டியைக் கழுவாமல் தொடாதீர்கள். வாளியில் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் கட்டிப் பிழிந்து, மறுபடி நல்ல தண்ணீர் விட்டு ஊறவைத்துப் பிழிய வேண்டும். நான் மூன்று தடவை செய்கிறேன். முதல் தண்ணீர் டிகாக்‌ஷன் மாதிரி இருக்கும், மூன்றாவதில் வெளுத்துவிடும். (போர்த் தண்ணீர் உப்பாக உள்ள வீட்டில் மழைத் தண்ணீரோ குடிதண்ணீரோதான்.) பொட்டலத்தில் இ.சி. என்று ஒரு எண் போட்டிருந்தால் அதுதான் உப்பின் அளவு. 0.5-க்குள் இருந்தால் கழுவிய நார் என்று நம்பி வாங்கலாம்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் குழித்தட்டு நாற்றுக்குச் சொல்லும் கணக்கைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. 300 கிலோ நார்க்கழிவுக்கு வேப்பம் புண்ணாக்கு வெறும் 5 கிலோ! கிலோவுக்கு 17 கிராம்கூட வரவில்லை. நான் போட்டதோ கை கையாக. 98 குழி உள்ள ஒரு தட்டை நிரப்ப நார்க்கழிவு 1.2 கிலோ போதுமாம்.

இப்போது என் கலவை இதுதான்: கழுவிய நார் மூன்று பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு, தட்டுக்கு ஒரு மேசைக்கரண்டி புண்ணாக்குத் தூள், ஒரு தேக்கரண்டி டிரைக்கோடெர்மா விரிடி. இந்தக் கடைசிச் சரக்கு கெட்ட பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை, உரக்கடையில் கிடைக்கும். தோட்டத்து மண் சேர்ப்பதில்லை, அதோடு பூஞ்சையும் வந்துவிடுகிறது. எம்-சாண்ட் போட்டுப் பார்த்தேன், அதிலுள்ள மாவுத் தூசு தண்ணீரைக் கட்டிவிடுகிறது. மண்ணைக் குக்கரில் அவித்துச் சுத்தம் செய்யலாம் என்றார் ஒரு தோழி. அந்தக் குக்கரில் பிறகு யார் சோறு வடிப்பது?

ஈரத்தின் பதம் நமக்குத் தெரிந்ததுதான். புட்டு மாவுப் பதம்! கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். பிடிக்கும்போது விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் காயவிட்டுத்தான் விதைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கைகொடுத்தது அவர் சொன்ன வெந்தய யோசனை. கலவை வாங்கியதோ வீட்டில் கலந்ததோ, முதலில் ஒரு டம்ளரில் போட்டுப் பத்து வெந்தயம் ஊன்றுங்கள். மூன்று நாளில் முளைத்துவிடும். இன்னும் ஒரு வாரம் பச்சையாக, நிமிர்ந்து நின்றால் கலவை சரி. ஓரம் கருகினாலோ சாய்ந்தாலோ போனது பத்து வெந்தயம்தானே! நான் கலந்த முதல் கலவையில் வெந்தயமும் கருகியது. நாரை இன்னொரு தடவை கழுவிய பிறகுதான் நிமிர்ந்தது.

2024 தைப் பட்டத்தில் அந்த வெந்தய டம்ளரை அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டி, "அத்தை, கொஞ்சம் விதை தர்றீங்களா?" என்று கேட்டேன். டம்ளரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். முடிச்சை அவிழ்த்து முப்பது விதையை எண்ணி என் கையில் வைத்தார். முப்பதுதான், ஒன்று கூட இல்லை!

இருபத்து நான்கு முளைத்தது. இரண்டு ஜோடி இலை விட்ட பிறகுதான் மண்புழு உரம் ஊறிய தண்ணீரை வெளிறிய டீ நிறத்துக்குக் கலக்கி வாரம் ஒரு தடவை விட்டேன். ஒரே ஒரு நாற்றுதான் சாய்ந்தது. முப்பத்தைந்தாம் நாள் பத்தைப் பைகளுக்கு மாற்றிவிட்டு, மீதியை அக்கம்பக்கத்து வீடுகளில் கொடுத்தேன்; இனிமேல் விதை ஒரே வீட்டில் முடங்க வேண்டாமே என்று.

சித்திரையில் காய் பிடித்தது. முதல் காயைக் குழம்புக்குப் பறிக்கப் போனால், "அதைத் தொடாதே, பழுக்கட்டும்" என்று அத்தை தடுத்துவிட்டார். அந்தக் காயின் காம்பில் தன் பழைய சேலைக் கிழிசலால் அடையாளம் கட்டி வைத்திருந்தார்.

- ஒரு வாசகி, திருச்சி.