சக்கரம் கொடுத்த வாலிபர்

"டூர் டி பிரான்ஸ்" என்பது பிரான்சில் நடக்கும் சைக்கிள் பந்தயம். மூன்று வாரம் ஓட்ட வேண்டும். மலைகளும் ஏற வேண்டும்.

1934-ம் ஆண்டு. முன்னணியில் இருந்தவர், பிரெஞ்சு கோஷ்டித் தலைவர் அந்தோனின் மாஞ். மலைச் சரிவில் அவர் சைக்கிள் சக்கரம் கெட்டது. அதே கோஷ்டியைச் சேர்ந்த ரெனே வியத்தோ (வயது 20) தன் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு, மாற்றுச் சக்கரத்துக்காகச் சாலையோரச் சுவரில் கண் கலங்கக் காத்திருந்தார்.

மறுநாளும் மாஞ் சைக்கிள் பழுது! முன்னே போய்விட்ட வியத்தோ, மலையில் திரும்பி ஏறி வந்து, தன் சைக்கிளையே கொடுத்தார். மாஞ் வென்றார். வியத்தோவுக்கு 5-வது இடம்தான்.

இப்பந்தயத்தில் முதல் பரிசுப் பணத்தைக் கோஷ்டியினருக்குப் பங்கிடுவது வழக்கம்.

பட்டறையிலும் ஆபீசிலும் இதே நிலைதான். ஒருவர் பெயர் வெளியே தெரியும். பலர் உழைப்பு தெரியாது. பெயர் பெற்றவர் பங்கிட மறந்தால், அடுத்த முறை சக்கரம் கொடுக்க யார் வருவார்?