மஞ்சளுக்கு ஓர் அளவுகோல்

குடிநீர் ஆய்வறிக்கை எதை எடுத்துப் பார்த்தாலும், மணம், சுவை, கலங்கல் ஆகியவற்றை அடுத்தோ முன்னரோ 'நிறம்' என்று ஒரு வரி இருக்கும்; அதற்கு நேரே ஓர் எண்ணும், எண்ணையொட்டி 'ஹேசன் அலகு' என்ற குறிப்பும் அச்சிடப்பட்டிருக்கும். நீளத்தையும் எடையையும் எண்ணால் சொல்லிப் பழகியவர்களுக்கும் நிறத்தை எண்ணால் சொல்வது எப்படி என்ற ஐயம் எழுவது இயல்பே. அந்த எண் நீருக்குள் இருக்கும் ஏதோ ஒரு பொருளின் அளவு அன்று. மனிதர் கூடி ஒப்புக்கொண்ட ஒரு மஞ்சள் கரைசலோடு அந்த நீரை ஒப்பிட்டுப் பார்த்த முடிவே அது. இதை மனத்தில் கொண்டால், நிற அளவீட்டில் செய்யப்படும் ஒவ்வொரு காரியமும் ஏன் செய்யப்படுகிறது என்பது தெளிவாகும்.

தூய நீருக்கும் மிக மெல்லிய நீலம் உண்டு. நீர் மூலக்கூறுகளின் அதிர்வு, வெள்ளொளியில் உள்ள சிவப்பின் ஒரு சிறு பங்கை விழுங்கிவிடுவதால் அந்த நீலம் தோன்றுகிறது. ஆயினும் அது புலப்படுவதற்கு மீட்டர் கணக்கில் ஆழம் வேண்டும் என்பதால், ஒரு குவளை நீரில் அதைக் காண முடியாது. ஆய்வகம் தேடுவது வேறு நிறத்தை. உதிர்ந்த இலையும் மரப்பட்டையும் புல்லும் மண்ணில் மட்கும்போது ஹியூமிக் அமிலம், ஃபுல்விக் அமிலம் எனப்படும் பெரிய கரிமச் சேர்மங்கள் உண்டாகின்றன. மழைநீர் இவற்றையும் தாவரங்களின் டானின்களையும் கரைத்துக்கொண்டு ஏரிக்கும் ஆற்றுக்கும் வரும்போது, நீர் இளமஞ்சள் தொடங்கித் தேயிலை வடிநீரின் பழுப்பு வரையில் ஏதேனும் ஒரு சாயலைப் பெறுகிறது. நிலத்தடி நீரில் இதே சாயலைப் பெரும்பாலும் இரும்பும் மாங்கனீசும் தருகின்றன.

இத்தகைய இயற்கை நிறம் அந்த அளவில் நஞ்சு எனச் சொல்வதற்கில்லை. உலக நலவாழ்வு நிறுவனமும் நிறத்துக்கென உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் விதிக்கவில்லை. நெடுங்காலம் இது கண்ணுக்கு உவப்பில்லாத ஒரு குறை என்றே கருதப்பட்டது. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரக் குடிநீர் நிலையத்தில் பணியாற்றிய யோகனஸ் ரூக் என்ற வேதியியலர், இந்த மட்குப் பொருள்களோடு குளோரின் வினைபுரியும்போது குளோரோஃபார்ம் முதலிய டிரைஹாலோமீத்தேன்கள் உண்டாகின்றன என்று 1974இல் வெளியிட்ட பிறகுதான், மஞ்சள் நீரைப் பார்க்கும் பார்வை மாறியது. கிருமி நீக்கத்துக்காகச் சேர்க்கும் குளோரினே வேண்டாத சேர்மங்களுக்கு வழிவகுக்கும் என்பதால், குளோரின் இடுமுன் நிறத்தைக் குறைப்பது சுத்திகரிப்பின் முதன்மையான வேலைகளுள் ஒன்றாயிற்று. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரநிலை, ஏற்கத்தக்க வரம்பாக 5 ஹேசன் அலகையும், வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் இசைவளிக்கும் வரம்பாக 15 ஹேசன் அலகையும் குறிக்கிறது.

அலகுக்குப் பெயர் தந்த ஆலன் ஹேசன் ஓர் அமெரிக்க நீர்ப் பொறியியலாளர். மாசாசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் இருந்த நீராய்வு நிலையத்தில் பணிபுரிந்த அவர், 1892இல் தமது அளவுகோலை வெளியிட்டார். அதற்கு முன்பு, அம்மோனியாவைக் கண்டறிய உதவும் நெஸ்லர் வினைபொருள் தருகின்ற மஞ்சளையே ஒப்பீட்டுக்கும் பயன்படுத்தி வந்தனர். அந்த மஞ்சளோ நிலையாக நிற்பதில்லை. ஓர் ஊரில் இன்று அளந்ததை இன்னோர் ஊரில் அடுத்த ஆண்டு அளந்ததோடு ஒப்பிட வேண்டுமானால், ஆண்டுக்கணக்கில் வெளிறாததும், எவர் எடை போட்டுக் கரைத்தாலும் ஒரே சாயலில் அமைவதுமான ஒரு மஞ்சள் தேவைப்பட்டது. ஹேசன் அதைப் பிளாட்டின உப்பில் கண்டார். பொட்டாசியம் குளோரோபிளாட்டினேட்டின் கரைசல் மஞ்சளாக இருந்தாலும் இயற்கை நீரின் பழுப்புச் சாயல் அதில் குறைவு. இளஞ்சிவப்பான கோபால்ட் குளோரைடைச் சிறிது சேர்த்ததும் அந்தக் குறை நீங்கிவிட்டது. விலையுயர்ந்த உலோகம் ஒன்று ஏரித் தண்ணீரின் அழுக்கு மஞ்சளுக்கு அளவுகோலாக அமைந்தது வேதியியலின் சுவையான முரண்களுள் ஒன்று.

தயாரிப்பு முறை இன்றும் ஏறத்தாழ அன்றுபோலவே இருக்கிறது. 1.246 கிராம் பொட்டாசியம் குளோரோபிளாட்டினேட்டையும் 1 கிராம் கோபால்ட் குளோரைடுப் படிகத்தையும் 100 மில்லிலிட்டர் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த வாலை வடிநீரில் கரைத்து, மொத்தம் 1 லிட்டராக்க வேண்டும். இக்கரைசலில் 500 மில்லிகிராம் பிளாட்டினம் இருப்பதால் இதன் நிறம் 500 அலகு எனக் கொள்ளப்படுகிறது. ஆகவே லிட்டருக்கு 1 மில்லிகிராம் பிளாட்டினம் தரும் நிறமே 1 ஹேசன் அலகு. இந்தத் தாய்க் கரைசலில் அரை மில்லிலிட்டரை எடுத்து 50 மில்லிலிட்டராக நீர்த்தால் 5 அலகும், 1 மில்லிலிட்டரை எடுத்தால் 10 அலகும் கிடைக்கும். இவ்வாறே 70 அலகு வரை, ஒப்பீட்டுக்கு உதவும் திட்டக் கரைசல்களின் ஒரு வரிசையை அமைத்துக்கொள்ளலாம். அக்கரைசல்களை மூடியே வைக்க வேண்டும். ஆவியாகி அடர்த்தி கூடும் என்பதோடு, காற்றிலுள்ள அம்மோனியாவை உறிஞ்சினாலும் அவற்றின் நிறம் ஏறிவிடும். குளோரோபிளாட்டினேட்டின் தூள் மூச்சில் புகுந்தால் ஆஸ்துமா போன்ற ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்பதாலும், அதன் விலையாலும், இக்காலத்தில் பல ஆய்வகங்கள் 500 அலகுத் தாய்க் கரைசலை ஆயத்தமாகவே வாங்கிக்கொள்கின்றன.

ஒப்பீடு நெஸ்லர் குழாய்களில் நடைபெறும். இவை தட்டையான அடியும், 50 மில்லிலிட்டர் என்ற கோடும் உடைய, நிறமற்ற கண்ணாடியாலான உயரமான குழாய்கள். ஒரே வரிசையில் வைக்கப்படும் எல்லாக் குழாய்களிலும் அந்தக் கோடு ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், இல்லையேல் ஒன்றில் ஒளி கடக்கும் நீர்ப்படலம் தடித்து, அதனாலேயே நிறம் மிகுந்து தோன்றும். மாதிரி நீரைக் கோடு வரை ஊற்றி, திட்டக் கரைசல்கள் நிற்கும் மரத்தாங்கியில் அவற்றின் இடையே நிறுத்தி, கீழே சாய்வாக வைத்த வெண்பரப்பில் பட்டு மேலேறும் பகலொளியில் குழாயின் வாய் வழியே செங்குத்தாக நோக்குவார் ஆய்வாளர். பக்கவாட்டில் பார்த்தால் 5 அலகுக்கும் 10 அலகுக்கும் வேறுபாடே தெரியாது. மேலிருந்து நோக்கும்போது நீர்த்தம்பத்தின் முழு உயரமும் கண்ணுக்கு உதவுவதால் மெல்லிய மஞ்சளும் திரண்டு தெரிகிறது. சேலைக்கு ரவிக்கைத் துணி பொருத்திப் பார்ப்பவர் அதைக் கடைவாசலுக்கு எடுத்துச் செல்வதுபோல, இங்கும் விளக்கொளியைவிடப் பகலொளியே நம்பத்தக்கது. இரண்டு திட்டங்களுக்கு இடையில் மாதிரி அமைந்தால் இடைப்பட்ட எண்ணை மதிப்பிட்டுக் கொள்ளலாம். 70 அலகைத் தாண்டினால் மாதிரியை வாலை வடிநீரால் நீர்த்து அளந்து, நீர்த்த மடங்கால் பெருக்க வேண்டும்.

இந்த வேலை எளிது. இதற்கு முந்திய வேலையில்தான் பிழை நுழைகிறது. நீரில் மிதக்கும் களிமண் துகளும் பாசியும் ஒளியைச் சிதறடித்து நீருக்குக் கலங்கலைத் தருகின்றன, அது கண்ணுக்கு நிறமாகவே படும். ஆகவே மாதிரியை வந்தபடியே அளந்தால் கிடைப்பது 'தோற்ற நிறம்' எனவும், துகள்களை நீக்கிய பின் கரைபொருள்களால் மட்டும் எஞ்சுவது 'உண்மை நிறம்' எனவும் பிரித்துச் சொல்லப்படும். துகள்களை நீக்க 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள சவ்வு வடிகட்டி பயன்படுகிறது. சாதாரண வடிதாள் நுண்ணிய களிமண்ணைத் தப்பவிடுவதோடு, நிறத்தைத் தரும் கரிமப் பொருளில் ஒரு பங்கைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளவும் கூடும் என்பதால், அது இவ்வேலைக்கு ஏற்றதன்று. மழை வெள்ளம் வந்த மறுநாள் ஓர் ஆற்றில் எடுத்த நீரின் தோற்ற நிறமும் உண்மை நிறமும் பன்மடங்கு வேறுபடலாம். அறிக்கை எதைக் குறிக்கிறது என்று சொல்லாத நிற எண் பாதி எண்தான்.

இரண்டாவது காரணி பி.எச். மதிப்பு, அதாவது நீர் எவ்வளவு அமிலத்தன்மை அல்லது காரத்தன்மை உடையது என்பதைச் சுட்டும் எண். ஹியூமிக் அமிலத்தின் மூலக்கூறுகள் காரச் சூழலில் அயனிகளாகப் பிரிந்து அடர்ந்த நிறம் காட்டுவதால், ஒரே நீரில் சிறிது சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தாலே நிறம் கூடிவிடும். ஆகையால் நிறத்தோடு பி.எச். மதிப்பையும் குறிப்பது முறையாகும்.

மூன்றாவது காரணி காலம். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைத்த கணத்தில் பளிங்குபோல் தெளிந்திருக்கும் நீர், அதில் கரைந்துள்ள இரும்பு காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்ததும் மஞ்சளித்து, பின்பு புட்டியின் அடியில் செம்பழுப்பு வண்டலைப் படியவிடுவது பலர் வீட்டிலும் காணும் காட்சியே. ஆய்வகத்துக்கு வரும் புட்டியிலும் அதுவே நடக்கிறது. அப்போது தெளிவான நீரை எடுத்துக் கொடுத்தவர் பழுப்பு நீருக்கான அறிக்கையைப் பெறுவார். மாதிரியைத் தூய கண்ணாடிப் புட்டியில் முழுக்க நிரப்பி, குளிரில் இருட்டில் வைத்து, கூடியவரை விரைவில் அளக்க வேண்டும் என்ற விதி இதனால் ஏற்பட்டது.

கண்ணின் இடத்தை இப்போது பெரும்பாலும் நிறமாலை ஒளிமானி எடுத்துக்கொண்டுவிட்டது. விளக்கின் ஒளியிலிருந்து ஒரே ஓர் அலைநீளத்தை மட்டும் பிரித்து, மாதிரி நிறைந்த கண்ணாடிக் கலத்தின் வழியே அதைச் செலுத்தி, மறுபுறம் எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்று அளப்பது இக்கருவியின் பணி. நீர் விழுங்கிய ஒளியைக் குறிக்கும் மடக்கை எண் 'உறிஞ்சளவு' எனப்படும். நிறப்பொருளின் செறிவுக்கும் ஒளி கடக்கும் தொலைவுக்கும் ஏற்ப அது நேர்விகிதத்தில் கூடும். பிளாட்டினம்–கோபால்ட் கரைசல் 455 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளியை நன்கு உறிஞ்சுவதால், அளவீடு அதன் அருகிலேயே செய்யப்படுகிறது. முதலில் திட்டக் கரைசல்களை அளந்து வரைபடம் ஒன்றை அமைத்துக்கொண்டு, பிறகு மாதிரியின் உறிஞ்சளவை அதில் பொருத்தி ஹேசன் எண்ணைப் படிக்கலாம்.

கருவி வந்துவிட்டதாலேயே துல்லியமும் வந்துவிட்டதாகக் கருதுவது தவறு. 500 அலகுத் தாய்க் கரைசலே 1 சென்டிமீட்டர் கலத்தில் ஏறத்தாழ 0.13 முதல் 0.145 வரையிலான உறிஞ்சளவைத்தான் தருகிறது. எனவே குடிநீர் வரம்பாகிய 5 அலகுக்கு அதில் நூறில் ஒரு பங்கு, அதாவது 0.0014 அளவே கிடைக்கும். கலத்தின் மேல் பதிந்த விரல் ரேகையோ உட்புறம் ஒட்டிய ஒரு காற்றுக்குமிழோ அதைவிடப் பெரிய மாற்றத்தை உண்டாக்கிவிடும். இதனால் 5 அல்லது 10 சென்டிமீட்டர் நீளமுள்ள கலத்தைப் பயன்படுத்துவது அறிவுடைமை. நெஸ்லர் குழாயின் உயரம் கண்ணுக்குச் செய்த உதவியையே இந்த நீளம் கருவிக்குச் செய்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு: திட்டக் கரைசலின் உறிஞ்சல் 455 நானோமீட்டரை ஒட்டி முகடு காட்டுகையில், மட்குப் பொருள் கலந்த நீரோ முகடு எதுவுமின்றி, ஊதாவை நோக்கிச் செல்லச் செல்ல மேன்மேலும் உறிஞ்சுகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு மஞ்சள்களும் கருவிக்கு வேறு வேறு. நீரின் நிறத்துக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 7887, ஒரே முறையை வலியுறுத்தாமல், கண்ணால் ஒப்பிடுவதற்கும், 410 நானோமீட்டரில் அளப்பதற்கும், 436, 525, 620 என மூன்று அலைநீளங்களில் தனித்தனியே அளப்பதற்கும் இடம் தந்திருப்பது இத்தகைய வேறுபாடுகளை அறிந்துதான்.

மூன்று அலைநீளங்கள் தேவைப்படுவது பெரிதும் ஆலைக் கழிவுநீருக்கு. ஹேசன் அளவுகோலின் வரிசை முழுவதும் மஞ்சளாலானது. அதன் அருகே சிவந்த நீரையோ நீலம் பாய்ந்த நீரையோ நிறுத்தினால் ஒப்பிடவே வழியில்லை. திருப்பூரில் சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்த காலத்தில் அந்த ஆறு பட்டறைச் சாயத்துக்கேற்ப நிறம் மாறி ஓடியது; 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட ஆணையிட்டது அதன் தொடர்ச்சி. அத்தகைய நீரைப் பிளாட்டினம்–கோபால்ட் எண்ணால் குறித்தால், கடும் நீலம்கூடச் சிறிய எண்ணாகப் பதிவாகிவிடக்கூடும். அமெரிக்கச் சாய உற்பத்தியாளர் சங்கம் வகுத்த முறை, நிறம் எதுவாயினும், நிறமற்ற நீரிலிருந்து மாதிரி எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைப் பல அலைநீளங்களில் அளந்து கணக்கிட்டு, ஹேசன் அளவுகோலோடு இணங்கும் ஓர் எண்ணாகத் தருகிறது.

களப்பணிக்கு இவ்வளவு ஏற்பாடும் வேண்டியதில்லை. இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரில் பீர் வடிப்பவராக இருந்த ஜோசப் லவிபாண்ட், தம் பீரின் நிறத்தை ஒப்பிட நிறக் கண்ணாடிகளை நாடி, 1885இல் அதற்கெனவே நிறுவனம் தொடங்கினார். அவ்வழியில் வந்த கண்ணாடி வட்டுகள், குழாய் வரிசைக்கு மாற்றாகக் கைப்பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன.

ஆய்வகத்துக்கு நீர் மாதிரி அனுப்புவோர், எடுத்த நாளையும் நேரத்தையும் புட்டியின் மேல் எழுதி அன்றே சேர்ப்பிக்க வேண்டும். அறிக்கை கைக்கு வந்ததும், நிற எண்ணுக்குப் பக்கத்தில் தோற்ற நிறமா உண்மை நிறமா என்ற குறிப்பும் பி.எச். மதிப்பும் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையெனில் கேட்டுப் பெற வேண்டும்.