வீடு இங்கே, ஊர் அங்கே

நம் பேச்சில் நாமே கவனிக்காத ஒரு வேறுபாடு உண்டு. சென்னையில் வேலை முடிந்து திரும்பும்போது "வீட்டுக்குப் போறோம்" என்கிறோம். எழும்பூரில் பொதிகை விரைவு வண்டி ஏறும்போது "ஊருக்குப் போறோம்" என்கிறோம். அம்பத்தூரிலோ வேளச்சேரியிலோ இருபது ஆண்டுகள் வாழ்ந்த பிறகும், "எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால், "தென்காசிப் பக்கம், சிவகிரி" என்றுதான் சொல்கிறோம். ஆனால், இராசபாளையத்திலோ சங்கரன்கோவிலிலோ இறங்கி, பேருந்து மாறி, சிவகிரித் தெருவில் கால் வைத்தால், "மெட்ராஸ்காரங்க வந்திருக்காங்க" என்கிறார்கள். இங்கே நாம் வெளியூர்க்காரர்கள். அங்கே நாம் விருந்தாளிகள்.

ஊர் நினைவு வருவது பலவீனம் அன்று. ஆனி, ஆடி மாதங்களில் சென்னை புழுங்கும்போது, மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்றும், குற்றாலச் சாரலும், புளியங்குடி எலுமிச்சைத் தோப்புகளும் மனத்தில் வரத்தான் செய்யும். பாபிலோனின் ஆற்றங்கரையில் அமர்ந்து சீயோனை நினைத்து அழுத மக்களின் கண்ணீரை விவிலியம் மறைக்கவில்லை. 137ஆம் திருப்பாடலாக அது நம் செபப் புத்தகத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. ஊரை நினைத்து அழுவதும் ஒரு செபம் என்று திருஅவை ஏற்றுக்கொண்டதற்கு அது சான்று.

ஆனால் அந்த ஏக்கத்திற்குள் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கி.மு. 597இல் எருசலேமிலிருந்து முதல் பெருங்கூட்டம் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டது. அதன்பின் அனனியா என்பவர், இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆண்டவர் பெயரால் அறிவித்தார். கேட்பதற்கு இனிமையான வாக்கு. ஆனால் அது பொய் வாக்கு என்று எரேமியா 28ஆம் அதிகாரம் சொல்கிறது.

அந்த அனனியாவின் குரல் நம் வீடுகளிலும் கேட்கிறது. "இன்னும் இரண்டு வருஷம், ஊரோடு போய்விடலாம்" என்கிறோம். பிள்ளை பள்ளி முடிக்கட்டும் என்கிறோம். பிறகு கல்லூரி, பிறகு கடன். போகப்போகிறவர்கள்தானே என்று பக்கத்து வீட்டாரின் பெயரைக்கூடக் கேட்பதில்லை. பங்கில் பதிவு செய்வதில்லை. அன்பியக் கூட்டத்துக்கு அழைத்தால், "எங்களுக்கு ஊரில் கோவில் இருக்கிறது" என்கிறோம். இப்படியே ஓர் ஆயுள் காத்திருப்பு அறையிலேயே கழிந்துவிடுகிறது. நம் பிள்ளைகளுக்கோ ஊரும் தெரியாது, வாழும் தெருவும் சொந்தமாகாது.

எரேமியா அந்த மக்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அது 29ஆம் அதிகாரத்தில் உள்ளது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியை உண்ணுங்கள், பிள்ளைகளுக்கு மணமுடித்து வையுங்கள் என்பது அதன் சாரம். அதற்கும் மேலே ஒன்று சொல்கிறார்: நீங்கள் வாழும் அந்த நகரத்தின் நலனை நாடுங்கள், அதற்காக மன்றாடுங்கள். அது அவர்களைச் சிறைபிடித்த எதிரியின் நகரம் என்பதை மறந்துவிடக் கூடாது. நமக்குப் பிழைப்பும் பிள்ளைகளுக்குப் படிப்பும் தந்த நகரத்துக்காக நாம் எத்தனை முறை செபித்திருக்கிறோம்?

அப்படியானால் ஊரை மறந்துவிட வேண்டுமா? இல்லை. இதே எரேமியா, எருசலேம் முற்றுகையில் இருந்தபோது, தம் சொந்த ஊரான அனத்தோத்தில் 17 செக்கேல் வெள்ளி கொடுத்து ஒரு நிலம் வாங்கினார் (எரே 32). சாட்சிகளை வைத்து, பத்திரம் எழுதி, மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தினார். பாபிலோனில் தோட்டம் போடச் சொன்னவரேதான் சொந்த ஊரிலும் நிலம் வாங்கினார். இரண்டும் ஒரே நம்பிக்கையில் செய்த செயல்கள். ஆண்டவர் அங்கேயும் இருக்கிறார், இங்கேயும் இருக்கிறார் என்பதே அந்த நம்பிக்கை.

திருஅவைச் சட்டமும் இதே வழியில்தான் நடக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டத்தின் 102ஆம் எண்ணின்படி, ஒரு பங்கின் எல்லைக்குள் நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு குடியேறினால், அன்றே அது நம் நிலையான உறைவிடம். அந்த எண்ணம் இல்லாவிட்டாலும், 5 ஆண்டுகள் முழுமையாக வாழ்ந்துவிட்டால் அப்படியே. 3 மாதம் தங்கினால்கூட அது நம் தற்காலிக உறைவிடம் ஆகிவிடும். அந்த உறைவிடத்தின் வழியாகவே நமக்கென்று ஒரு பங்குத்தந்தை கிடைக்கிறார் என்கிறது 107ஆம் எண். "நாங்கள் இந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள் இல்லை" என்று நாம் சொன்னாலும், திருஅவை நம்மை இங்கே சேர்த்துக்கொண்டுவிட்டது.

பங்கு என்பதற்குத் திருஅவை தொடக்கத்தில் வழங்கிய கிரேக்கச் சொல் 'பரோய்க்கியா'. வேற்றிடத்தில் அந்நியராய்க் குடியிருத்தல் என்பதே அதன் பொருள். ஆகவே, பங்கு என்பது உள்ளூர்க்காரர்களின் சங்கம் அன்று. ஊரை விட்டு வந்தவர்களுக்காகவே பிறந்த பெயர் அது.

செய்ய வேண்டியவை எளியவைதாம். இன்னும் பதிவு செய்யாதவர்கள் இந்த ஞாயிறே பங்கு அலுவலகத்தில் குடும்பத்தைப் பதிவு செய்யலாம். ஊர்த் திருவிழாவுக்கு வரி அனுப்புவது நல்லது. அங்கே தனியாக இருக்கும் தாய் தந்தையருடன் நாள்தோறும் பேசுவது அதனினும் நல்லது. இன்னொன்றும் உண்டு. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த கத்தோலிக்க இளைஞர்கள் நம் நகரங்களில் கட்டட வேலை செய்கிறார்கள். ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நின்று, மொழி புரியாமல் திரும்பிப் போகிறார்கள். 1914 முதல் திருஅவை குடிபெயர்ந்தோர் நாளைக் கொண்டாடிவருகிறது. இப்போது அது செப்டம்பர் மாதக் கடைசி ஞாயிறு. அந்த நாளுக்காகக் காத்திராமல், "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டு, நம் பக்கத்தில் உட்கார இடம் கொடுக்கலாம். ஊர் ஏக்கம் எப்படிப்பட்டது என்று அறிந்த நம்மைவிட அதைச் செய்யத் தகுந்தவர் யார்?

ஏரோதுக்கு அஞ்சி எகிப்தில் குடியிருந்த திருக்குடும்பம், ஊரிலும் நகரிலும் வாழும் நம் குடும்பங்களுக்காகப் பரிந்து பேசுவதாக. ஆமென்.