ரங்கூனைக் காத்த கைதிகள்

அமராவதிபுதூரிலுள்ள பழைய பெரிய வீடுகளின் முகப்பில் நிற்பவர் கண்ணில் முதலில் படுவது பர்மாத் தேக்கு. அந்தத் தூண்களைக் கப்பலேற்றி அனுப்பியவர் யார், மொகல் தெருவில் எந்தக் கிட்டங்கியில் அவருடைய பெட்டியடி இருந்தது, எத்தனை முறை அவர் கொண்டுவிக்கப் போய் வந்தார் என்பனவெல்லாம் வீட்டுப் பெரியவர்களுக்கு மனப்பாடம். 1942-இல் அரக்கான் மலைவழியே நடந்து வந்த கதையும் பல வீடுகளில் இன்றும் சொல்லப்படுகிறது. ஆனால் 1945-ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் ரங்கூனில் எஞ்சியிருந்த நம்மவர் உயிரையும் உடைமையையும் யார் காத்தார்கள் என்று கேட்டால், விடை சொல்வோர் அரிது. பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புஸ்தகத்திலும் அது இல்லை. காத்தவர்கள் கைதிகளானார்கள், துரோகிகள் என்று பட்டம் பெற்றார்கள், நன்றி என்ற ஒரு சொல்லையும் பெறாமலே பெரும்பாலோர் மறைந்தார்கள். அவர்களைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம்.

முதலில் 1942-ஐ நினைவுபடுத்திக் கொள்ளுதல் வேண்டும். ஜப்பானியர் நெருங்கிய போது ஆங்கில சர்க்கார் ரங்கூனை விட்டுப் புறப்பட்டது. சிறைச்சாலையும் பைத்திய ஆஸ்பத்திரியும் திறந்துவிடப்பட்டன. காவலற்ற நகரில் கொள்ளையும் தீயும் மலிந்தன. மார்ச்சு மாதம் 8-ஆம் தேதி ஜப்பானியர் உள்ளே வருமுன், பாதி ஊர் சூறையாகியிருந்தது. 1930-இலும் 1938-இலும் இந்தியருக்கு எதிராகக் கலகம் கண்ட நகரம் அது. வட்டித் தொழிலின் விளைவாகக் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டிநாட்டார் கைக்கு வந்திருந்தது. அந்த மனக்கசப்புக்குக் காரணமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் அடிபட்டவர்களுள் பெரும்பாலோர் துறைமுகத்தில் மூட்டை சுமந்த கூலிகளும் தெருக் கூட்டியவர்களுமே. அவர்களுக்கு நிலமும் இல்லை, வட்டியும் இல்லை. ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் நடையாகவும் கப்பலிலும் தாய்நாட்டை நோக்கி ஓடினர். வழியில் மாண்டவர் கணக்கைப் பல்லாயிரம் என்று மட்டுமே கூற இயலும்.

ஓட இயலாதவர் அங்கேயே தங்கினர். மூன்று ஆண்டுகள் சென்றன. 1945 ஏப்ரலில் நிலைமை தலைகீழாயிற்று. இப்போது ஓடுவது ஜப்பானியரின் முறை. ஆங்சானுடைய பர்மியப் படை மார்ச்சு 27-ஆம் தேதியே ஜப்பானியருக்கு எதிராகத் திரும்பிவிட்டது. ஆங்கிலப் படை வடக்கிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கடல் வழியாகவும் வந்துகொண்டிருந்தது. ஒரு சர்க்கார் போய், மறு சர்க்கார் வருவதற்கு இடையிலுள்ள அந்தச் சில நாட்களே ஏழை எளியவர்க்கு மிகவும் அஞ்சத்தக்கவை. 1942-இல் நடந்தது மறுமுறையும் நடக்கும் என்றே எல்லாரும் எண்ணினர்.

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஏப்ரல் 24-ஆம் தேதி ரங்கூனை விட்டுப் புறப்பட்டார். ஜான்ஸி ராணிப் படைப் பெண்களைப் பத்திரமாகச் சயாம் தேசம் சேர்க்க வேண்டியிருந்தது. அவர்களோடு பல நாள் அவரும் நடந்தே சென்றார். புறப்படுமுன் அவர் செய்த ஏற்பாடு ஒன்று உண்டு. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட இந்திய தேசீய ராணுவ வீரரை நகரத்திலேயே நிறுத்தி, அவர்களுக்குத் தலைவராக ஆற்காடு துரைசாமி லோகநாதன் என்ற தமிழரை நியமித்தார். லோகநாதன் தொழிலால் வைத்தியர். ஆங்கில சர்க்காரின் இந்திய மருத்துவப் படையில் நெடுநாள் உத்தியோகம் பார்த்தவர். சுதந்திர இந்திய சர்க்காரில் மந்திரியாகவும், 1944-இல் அந்தமான் தீவுகளுக்குத் தலைமை அதிகாரியாகவும் அனுப்பப்பட்டவர். ஐம்பது வயதைக் கடந்து, உடல் நலமும் குன்றியிருந்த காலம் அது. யுத்தம் செய்யும்படி அவருக்குக் கட்டளை இல்லை. நகரத்து இந்தியரைக் காக்க வேண்டும். அதன்பின் ஆங்கிலேயரிடம் ஆயுதத்தை ஒப்புவித்துக் கைதியாக வேண்டும்.

இந்தக் கட்டளையைச் சிறிது நேரம் சிந்தித்துப் பார்க்கும்படி நேயர்களை வேண்டுகிறோம். போர்க்களத்தில் உயிரைக் கொடு என்று சொல்வது சேனாதிபதிகளின் வழக்கம். ஊரைக் காத்து நில், காத்து முடித்ததும் பகைவன் வந்து உன்னைக் கட்டிக்கொண்டு போவான், அதற்கும் நில் என்பது வேறு வகை. ஓடுவதற்கு வழி இருந்தது. சீருடையைக் கழற்றி எறிந்துவிட்டு ஏதேனும் ஒரு கிட்டங்கியில் சமையற்காரனாகவோ அடுத்தாளாகவோ இருந்துவிட்டால், யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? படை கலையாமல் நின்றது.

மாதக் கடைசியில் ஜப்பானியர் நகரை முற்றிலும் விட்டகன்றனர். ரங்கூன் சிறையில் ஆங்கிலக் கைதிகள் காவலரின்றி விடப்பட்டனர். ஜப்பானியர் போய்விட்டனர் என்று அவர்கள் சிறைக் கூரையின்மேல் பெரிய எழுத்தில் எழுதி, வானத்தில் பறந்த விமானங்களுக்கு அறிவித்தது பிரசித்தமான செய்தி. தெருக்களிலோ லோகநாதனுடைய வீரர்கள் காவல் புரிந்தனர். சில்லறைத் திருட்டு எங்கேனும் நடந்திருக்கலாம். ஆனால் 1942-இன் பேரழிவு மறுமுறை நிகழவில்லை. மே மாதம் 3-ஆம் தேதி ஆங்கிலேயரின் 26-ஆம் இந்தியப் படைப்பிரிவு எதிர்ப்பின்றி நகருள் நுழைந்தது. காவல் நின்றவர்கள் ஆயுதங்களைக் கீழே வைத்தனர். காத்தவர்கள் சிறைக்குள் சென்றனர்.

அங்கே அவர்களுக்கு விதவிதமாக நிறம் பூசப்பட்டது. மனமின்றிச் சேர்ந்தவர் என்று கருதப்பட்டவர் 'வெள்ளை', மயக்குரையில் சிக்கியவர் 'சாம்பல்', அறிந்தே சேர்ந்தவர் 'கறுப்பு'. தேசாபிமானத்தைத் தரம் பிரிக்கும் இந்த உபாயத்தை எந்தக் குமாஸ்தா கண்டுபிடித்தாரோ! கறுப்புக் கணக்கில் விழுந்தவர்க்கு வேலையும் போயிற்று. சேர வேண்டிய சம்பளமும் போயிற்று.

1945 நவம்பர் 5-ஆம் தேதி டில்லிச் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய மூவர் மீது விசாரணை தொடங்கியதையும், அரசருக்கு எதிராக யுத்தம் செய்ததாக அவர்கள்மேல் குற்றம் சாட்டப்பட்டதையும், அடிமைப்பட்ட ஜனங்களுக்குத் தங்கள் விடுதலைக்காகப் போர் தொடுக்கும் உரிமை உண்டு என்று பூலாபாய் தேசாய் வாதித்ததையும் யாவரும் அறிவர். தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. 1946 ஜனவரியில் சேனாதிபதி ஆச்சின்லெக் அதைத் தள்ளிவிட்டார். மூவரும் வெளியே வந்தனர். தேசம் மாலை சூட்டியது. ஆனால் பதவி நீக்கத்தையும் சம்பளப் பறிப்பையும் அவர் தள்ளவில்லை என்பதை அந்த ஆரவாரத்தில் கவனித்தவர் சிலரே. மூவருக்கேனும் மாலை கிடைத்தது. ரங்கூன் தெருமுனையில் இரவெல்லாம் விழித்து நின்ற சிப்பாயின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

அந்தப் படையில் தமிழர் ஏராளம். பர்மாவிலும் மலேயாவிலும் சேர்ந்தவர்களுள், கங்காணி கூட்டிச் சென்ற தோட்டக்காட்டுத் தொழிலாளிகளே மிகுதி. விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்கள். தாய்நாட்டைக் கண்ணால் கண்டிராத அவர்களுடைய மக்களும் உண்டு. டாக்டர் லட்சுமி தலைமை வகித்த ஜான்ஸி ராணிப் படையின் பெண்களுட் பலர் இத்தகைய குடும்பத்தினரே. நம் சீமைக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு. சிங்கப்பூரிலுள்ள செட்டியார் கோயிலுக்கு நேதாஜியை அழைத்தபோது, எல்லாச் சாதியினரும் எல்லா மதத்தினரும் உள்ளே வரலாம் என்றாலன்றித் தாம் வருவதில்லை என்று அவர் மறுத்தார். கோயிலார் இசைந்தனர். முஸ்லிம், சீக்கிய, கிறிஸ்தவ அதிகாரிகள் நெற்றியில் திலகத்துடன் அவரோடு உள்ளே சென்றனர். அந்தக் காலத்தில் நம் பக்கத்துக் கோயில்களில் யார் யார் எங்கே நிறுத்தப்பட்டனர் என்பதை அறிந்தவர்கள், இதன் அருமையை உணர்வார்கள்.

மறுபக்கமும் உண்டு, அதை மறைப்பது ஆசிரியத் தொழிலுக்கு அடாது. ஜப்பானியர் நல்லவரல்லர். சயாம்–பர்மா ரயில் பாதை போடுவதற்கு அவர்கள் மலேயாவிலிருந்து இழுத்துச் சென்ற தமிழ்த் தொழிலாளரில் பல்லாயிரவர் காலராவிலும் பட்டினியிலும் மடிந்தனர். அத்தகையோருடன் கை கோத்தது சரியா என்று கேட்பவர்களை நாம் குறை கூறோம். செய்த சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு இம்பாலிலும் கோஹிமாவிலும் எதிர்ப்புறம் நின்று போரிட்ட இந்தியச் சிப்பாய்களும் நம் பிள்ளைகளே. அவர்களுக்கும் தேசம் சரிவர நன்றி சொன்னதில்லை. நேதாஜியின் படையிலேயே சக கைதிகளைத் துன்புறுத்தியதாகச் சிலர்மேல் வழக்கு நடந்தது. ஆனால் ஒருவன் குற்றத்தை அவனுடைய படை முழுமைக்கும் ஏற்றுவது நியாயமாகாது. ரங்கூனில் நின்றவர்கள் செய்த காரியத்தை எந்தத் தராசில் இட்டாலும் அது துரோகமாக நிறுக்காது.

1947-இல் சுதந்திரம் வந்தது. நம்மவர் சர்க்கார் கறுப்பு மையை உடனே துடைத்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். படையின் கட்டுப்பாடு குலையும் என்ற காரணத்தால் அவர்கள் மீண்டும் ராணுவத்தில் சேர்க்கப்படவில்லை. கட்டுப்பாடு முக்கியந்தான், மறுக்கவில்லை. ஆனால் நன்றி சொல்வதால் எந்தக் கட்டுப்பாடு குலையும்? லோகநாதன் 1949-இல் காலமானார். சிங்கப்பூர்க் கடற்கரையில் மாண்ட வீரர்களுக்காக நேதாஜி 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டிய நினைவுத்தூண், செப்டம்பரில் மவுண்ட்பேட்டன் கட்டளையால் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அந்த இடத்தில் பெயர்ப்பலகை ஒன்று வைக்க 1995 வரை காத்திருக்க நேர்ந்தது. டில்லிக் குடியரசு தின அணிவகுப்பில் இப்படையின் முதியவர் நால்வர் முதன்முறையாகப் பங்கு கொண்டது 2019-இல். அனைவரும் தொண்ணூறு வயதைக் கடந்தவர்கள்.

உபகாரச் சம்பளம் 1972-இல் வந்தது. மாதம் 200 ரூபாய். அதுவும் ஆண்டு வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கே. வருமான வரம்பு 1980-இல் நீக்கப்பட்டது. மனுவோடு ஓர் அத்தாட்சி இணைக்க வேண்டும்: ஆறு மாதமேனும் சிறையிலிருந்ததற்குச் சான்று. எந்தச் சிறை அவர்களைத் துரோகிகள் என்று அடைத்ததோ, அதன் முத்திரையே இப்போது தியாகத்துக்கு அத்தாட்சியாக வேண்டியிருந்தது. பதிவேடு பர்மாவில், மனுச் செய்பவர் ராமநாதபுரம் ஜில்லாவில். உடனிருந்த கைதி எவரேனும் உயிரோடிருந்து கையெழுத்திட்டால் அதுவும் செல்லும் என்றார்கள். தோட்டக்காட்டிலிருந்து சேர்ந்து, துப்பாக்கியைக் கீழே வைத்த பின் சில நாளில் விடுவிக்கப்பட்டுப் பால்மரத்துக்கே திரும்பியவரிடம் காட்டுவதற்குச் சிறையும் இல்லை, சீட்டும் இல்லை.