குரல் யாருக்குச் சொந்தம்?

மும்பையிலோ தில்லியிலோ வாழும் நம்மவர்க்கு லதா மங்கேஷ்கரின் குரலை இனங்காண ஒரு கணம் போதும். 2002-ஆம் ஆண்டில் அக்குரல் எதிர்பாராத ஓரிடத்தில் ஒலித்தது. ட்ரூத் ஹர்ட்ஸ் என்னும் அமெரிக்கப் பாடகி வெளியிட்ட ‘அடிக்டிவ்’ என்ற ஆங்கிலப் பாட்டில், ‘ஜோதி’ என்னும் இந்திப் படத்துக்காக லதா முன்னர்ப் பாடிய பாடலின் பகுதி திரும்பத் திரும்ப வந்தது. இதற்கென அவர் புதிதாகப் பாடவில்லை. பழைய பதிவிலிருந்து குரல் எடுத்தாளப்பட்டிருந்தது.

இவ்வாறு எடுக்கும் துண்டை ‘சாம்பிள்’ என்பர். பானைச் சோற்றுக்குப் பதம் பார்க்க எடுக்கும் பருக்கை போன்றது எனலாம்; இங்கோ அப்பருக்கையே விருந்தாகிவிடுகிறது.

இக்கலை வளர்ந்தது வானொலி நிலையங்களில் என்பதில் எமக்குச் சிறிது பெருமை உண்டு. 1948-இல் பாரிஸ் வானொலியில் பியேர் ஷேஃபர், ரயில் வண்டியின் ஓசைகளை இசைத்தட்டில் பதிந்து, கோத்து, இசையாக்கினார். பின்பு காந்த நாடா வந்தது. 1956-இல் கொலோன் வானொலியில் ஸ்டாக்ஹவுசன், ஒரு சிறுவனின் குரலை அசை அசையாகப் பிரித்து மின்கருவியின் ஒலிகளோடு குழைத்தார். சொல் ஓரிடத்தில் தெளிவாகக் கேட்கும். அடுத்த கணம் வெறும் நாதமாகக் கரையும்.

நாடாவை இருமடங்கு வேகத்தில் ஓட்டினால் குரல் ஒரு ஸ்தாயி உயரும். பாடும் நேரமோ பாதியாகும். கணினி வந்தபின் இக்கட்டு நீங்கிற்று. குறுந்தகட்டு முறையில் ஒலியலை வினாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகிறது. எண்ணான பின் சுருதியையும் நீளத்தையும் தனித்தனியே மாற்றலாம். ஒரே ஓர் ஆகாரத்தைக் கொண்டு ஸ்வர வரிசை முழுவதையும் விசைப்பலகையில் வாசிக்கலாம். ஆயினும் அதில் கமகம் இழைவதில்லை. ஸ்வரங்கள் படிக்கட்டுகள்போல் தனித்தனியே நிற்கும்.

‘அடிக்டிவ்’ விவகாரம் வழக்காயிற்று. இசையமைப்பாளர் பப்பி லாஹிரியின் பெயரைக் குறிப்பிடாமல் தகட்டை விற்கலாகாதென 2003-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் வழக்கு இறுதியில் அவருக்குச் சாதகமாக முடியவில்லை. ஊதியத்துக்கு இயற்றிய இசையில் அவருக்கு உரிமையில்லை என்றாயிற்று.

இசையமைத்தவர் நிலை அது. பாடியவர் நிலை யாது? நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் முதலில் பாடகர்க்கெனத் தனியுரிமை எதுவும் வழங்கவில்லை. 1994-ஆம் ஆண்டுத் திருத்தமே அதனை அளித்தது. தம் பெயரைக் குறிப்பிடுமாறு கோரவும், புகழுக்குக் கேடாகப் பாட்டைச் சிதைப்பதைத் தடுக்கவும் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது.

இவையெல்லாம் பாடிய பாட்டுக்கு. பாடாத பாட்டுக்கு? பழைய பதிவுகளைக் கற்ற கணினி இப்பொழுது அதனையும் பாடுகிறது. பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அனுமதியின்றி இவ்வாறு போலி செய்வதற்குப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024-இல் இடைக்காலத் தடை விதித்தது. அதே ஆண்டில் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்தில், 1997-இல் மறைந்த சாகுல் ஹமீதும் 2022-இல் மறைந்த பம்பா பாக்யாவும் பாடக் கேட்டோம். இரு குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று ஊதியமும் வழங்கியதாக இசையமைப்பாளர் ஏ. ஆர். ரஹ்மான் தெரிவித்தார். ‘திருடா திருடா’ படத்தில் ஏறக்குறைய வாத்தியமே இன்றி ‘ராசாத்தி’யைப் பாடியவர் சாகுல் ஹமீது. இப்புதிய பாட்டை அவர் விரும்பியிருப்பாரா என்பதைக் குடும்பத்தார் ஊகிக்க மட்டுமே இயலும்.