நகரும் வீட்டின் கூரையில் கதிரவன்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

'கேரவன்' என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வருவது, திரைப்படப் படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் நிற்கும் குளிரூட்டப்பட்ட பெரிய வண்டிதான். ஐரோப்பிய நாடுகளில் அதன் தம்பியாகிய 'கேம்பர் வேன்', சாதாரணக் குடும்பங்களின் விடுமுறை வீடாகவே விளங்குகிறது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் 1950ஆம் ஆண்டு தன் பெட்டி வடிவ வேனை வெளியிட்டது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்னும் நிறுவனம், இரவில் படுக்கையாக மாறும் இருக்கையையும் சிறு அலமாரியையும் அதனுள் பொருத்தி விற்கத் தொடங்கியது. இன்று ஃபியட் டுகாட்டோ போன்ற உயரமான வேன்களே இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன. ஆறு மீட்டர் நீளத்துக்குள் கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி அனைத்தும் அடங்கிவிடுகின்றன.

வண்டி ஓடும்போது இவற்றுக்கு மின்சாரம் கொடுக்க எஞ்சின் இருக்கிறது. ஆனால் ஓர் ஏரிக்கரையில் நான்கு நாள் நின்றுவிட்டால்? அப்பொழுதுதான் கூரையின் மீது பார்வை செல்கிறது. விண்ணில் சுற்றும் செயற்கைக் கோளுக்கும் இதே சிக்கல் உண்டு என்பதை ஈண்டு நினைத்துப் பார்க்கலாம். அங்கும் செருகுவதற்குப் பிளக் இல்லை. பூமியின் நிழலில் மறையும் நேரத்தைப் பேட்டரியைக் கொண்டே கடக்க வேண்டும். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சிலிக்கான் மின்கலம் உருவானது. நான்கே ஆண்டுகளில், 1958இல், அது வேன்கார்டு-1 என்னும் செயற்கைக் கோளின் மேலேறி விண்ணுக்குச் சென்றது. வேன்களின் கூரைக்கு வந்து சேர்ந்தது அதற்கு வெகு காலம் கழித்துத்தான்.

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம், "கூரையில் நாலு சோலார் தகடு போட்டால் வண்டி சும்மாவே ஓடாதா?" என்று கேட்பவர் உண்டு. ஓடாது என்பதே விடை. ஆனால் அதே தகடுகள் வண்டிக்குள் இருக்கும் வீட்டை நன்றாக நடத்தும். இவ்விரண்டும் ஒரே கணக்கிலிருந்து பிறப்பவை. அந்தக் கணக்கைப் போடாமல் முதலில் தகடு வாங்கிவிடுவதே இத்துறையில் பலருக்கும் நேரும் கெடுதி. செலவைத்தான் முதலில் எண்ண வேண்டும், வரவு பிறகு.

இருவர் வாழும் ஒரு வேனை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு வோல்ட்டில் இயங்கும் சிறு குளிர்பெட்டி ஓடும்போது ஏறக்குறைய 45 வாட் இழுக்கும். ஆனால் அது விட்டு விட்டுத்தான் ஓடும். நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடுவதாகக் கொண்டால் 360 வாட்-மணி ஆகிறது. கூரை விசிறி 20 வாட்டில் எட்டு மணி நேரம், 160. மடிக்கணினி 60 வாட்டில் மூன்று மணி, 180. விளக்குகளுக்கு 50, கைப்பேசிகளுக்கு 35, தண்ணீர் மோட்டாருக்கு 15. கூட்டினால் 800 வாட்-மணி, அதாவது முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேல். நம் வீட்டு மின்கட்டண அட்டையில் காணும் அதே யூனிட்டுதான். இதில் பாதியளவைக் குளிர்பெட்டி ஒன்றே தின்றுவிடுவதைக் கவனிக்க வேண்டும். அதில் இன்சுலின் மருந்து வைத்திருப்பவருக்கு இக்கணக்கு வெறும் வசதியைப் பற்றியதன்று.

இனி வரவு. நூறு வாட் தகடு ஒன்று ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமும் அரை மீட்டருக்குச் சற்று மேல் அகலமும் உடையது. காற்றுத் துளைக்கும் விசிறிக்கும் இடம் விட்டு, கூரையில் மூன்றை வசதியாகப் பரப்பலாம். ஆனால் 'நூறு வாட்' என்பது, சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி நேராக விழும்போது, மின்கலத்தின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கையில் தரும் அளவு. அத்தகைய வேளை நாளில் சிறிதுதான். ஆகவே ஒரு நாள் முழுதும் விழும் ஒளியை, 'முழு வெயில் எத்தனை மணி நேரத்துக்குச் சமம்' என்று மாற்றிக் கணக்கிடுகின்றனர்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைப் பார்ப்போம். அட்சரேகை ஏறத்தாழ 53½ டிகிரி. ஜூன் மாத நண்பகலில் அங்கே கதிரவன் அடிவானத்திலிருந்து 60 டிகிரி உயரத்தில் நிற்கிறான். டிசம்பரிலோ 13 டிகிரிதான். கூரையில் படுக்கையாகக் கிடக்கும் தகட்டில் விழும் நேரொளி அக்கோணத்தின் சைன் மதிப்பைப் பொறுத்தது: முன்னது 0.87, பின்னது 0.22. பகற்பொழுதும் பதினேழு மணியிலிருந்து ஏழரை மணியாகச் சுருங்கி, மேகமும் மூடிக்கொண்டால் என்ன மிஞ்சும்? ஜூனில் முழு வெயில் ஐந்து மணி அளவு கிடைக்கும் இடத்தில், டிசம்பரில் அரை மணி அளவே கிடைக்கிறது. வெப்பம், அழுக்கு, கம்பி ஆகியவற்றால் ஆகும் இழப்புக்குப் பத்தில் மூன்று பங்கைக் கழித்தால், நம் முந்நூறு வாட் தகடுகள் கோடையில் நாளொன்றுக்கு 1050 வாட்-மணியும் குளிர்காலத்தில் 105 வாட்-மணியும் தரும். கோடையில் 800 செலவு போகக் கையில் மிச்சம் உண்டு. குளிர்காலத்தில் குளிர்பெட்டியின் மூன்றில் ஒரு பங்குக்குக்கூடப் போதாது. ஆகையால்தான் குளிர்காலத்திலும் பயணம் செய்வோர், எஞ்சின் ஓடும்போது அதன் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரியை ஏற்றும் கருவி ஒன்றையும் வைத்துக்கொள்கின்றனர். தகட்டைத் தெற்கு நோக்கிச் சாய்த்து வைத்தால் வானம் தெளிந்த நாளில் பெரும் பயன் உண்டு. மேகமூட்டத்தில் ஒளி எல்லாத் திசைகளிலிருந்தும் சிதறி வருவதால் சாய்த்தும் பயனில்லை. (நம் சென்னையில் டிசம்பர் நண்பகலிலும் கதிரவன் 53 டிகிரிக்கு மேல் நிற்கிறான். படுக்கைத் தகடு நம் நாட்டுக்கே ஏற்ற முறை எனலாம்.)

தகட்டைக் கூரையில் பொருத்துவது எளிய வேலைபோல் தோன்றும். இதில்தான் உயிருக்கே ஆபத்து இருக்கிறது. மணிக்கு 108 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 30 மீட்டர். காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், சதுர மீட்டருக்கு 540 நியூட்டன் அழுத்தம் வருகிறது. முன்விளிம்பின் வழியே காற்று அடியில் புகுந்துவிட்டால், அரைச் சதுர மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நம் தகட்டை ஏறக்குறைய 300 நியூட்டன் விசை மேல்நோக்கித் தூக்கும். தகட்டின் எடையோ ஆறு ஏழு கிலோதான். அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட விசை இது. கழன்று பறக்கும் கண்ணாடித் தகடு பின்னால் வரும் வண்டியின் முகத்தில்தான் மோதும்!

எனவே முன்புறம் காற்றைத் தடுக்கும் வளைந்த பட்டையும் மூலைகளில் பிளாஸ்டிக் தாங்கிகளும் வைத்து, பாலியூரித்தேன் பசையால் ஒட்டுகின்றனர். திருகாணி போட்டால் கூரைக்குத் துளை விழும். துளை வழியே மழைநீரும் துருவும் வரும். பசை என்றதும் நம்பிக்கை குறைய வேண்டியதில்லை. பேருந்துகளின் முன்கண்ணாடியும் இவ்வகைப் பசையால்தான் நிற்கிறது. ஆனால் இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, வெளியிலிருந்து உள்நோக்கி நாளுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் இறுகுவது. மேற்பரப்பைத் துடைத்து, சற்றுச் சுரண்டி, ஒட்டியபின் ஓரிரு நாள் வண்டியை எடுக்காமல் பொறுத்திருக்க வேண்டும்.

முழுவதையும் அடைத்துவிடவும் கூடாது. தகட்டுக்கும் கூரைக்கும் இடையே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, பக்கங்களையும் பின்புறத்தையும் திறந்தே வைக்கின்றனர். கோடையில் மின்கலத்தின் வெப்பநிலை 65 டிகிரியை எட்டக்கூடும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் 0.3 முதல் 0.4 விழுக்காடு குறையும் என்றால், நாற்பது டிகிரிக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு விழுக்காடு போய்விடுகிறது. காகிதம்போல் வளையும் தகடுகளைக் கூரையோடு கூரையாக ஒட்டிவிடலாம். இலேசானவை, காற்றும் தூக்காது. ஆனால் அடியில் காற்றோட்டம் இல்லாததால் சூடேறி விரைவில் கெட்டுப்போகின்றன. என் கருத்தில் கனமான கண்ணாடித் தகடே சிக்கனம்.

வெப்பத்தைவிடப் பெரிய பகை நிழல். தகட்டின் உள்ளே மின்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைந்துள்ளன. தொடர் இணைப்பில் எங்கும் ஒரே மின்னோட்டம்தான் பாயும் என்பதை நாம் பள்ளியிலேயே படித்தோம். ஒரே ஒரு மின்கலத்தின்மேல் இலை விழுந்தாலும் வரிசை முழுவதும் அதன் நிலைக்கு இறங்கும். அவ்வரிசையை விட்டு விலகிச் செல்லத் தகட்டின் பின்புறம் டையோடுகள் வைத்திருப்பதால் மற்றவை பிழைக்கின்றன. வண்டியை மரத்தடியில் நிறுத்தினால் உள்ளே குளிர்ச்சி. வெயிலில் நிறுத்தினால் மின்சாரம். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

தகடுகளை எப்படி இணைப்பது என்பதில் நம் பாடப்புத்தகம் அப்படியே உயிர் பெறுகிறது. மூன்றையும் பக்க இணைப்பில் போட்டால் 18 வோல்ட். ஆனால் மின்னோட்டம் 16 ஆம்பியருக்கு மேல். தொடரில் போட்டால் 54 வோல்ட், ஐந்தரை ஆம்பியர். நான்கு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர் என்றால் மின்தடை 0.043 ஓம். பக்க இணைப்பில் 0.7 வோல்ட் கம்பியிலேயே வீணாகிறது. அது நான்கு விழுக்காடு. தொடரில் வீணாவது 0.24 வோல்ட், அரை விழுக்காடுகூட இல்லை. உயர் அழுத்தக் கம்பிகளில் மின்வாரியம் மின்சாரத்தை அனுப்புவதற்கும் காரணம் இதுவே. நிழல் அடிக்கடி விழும் இடங்களில் மட்டும் பக்க இணைப்பு மேலானது.

54 வோல்ட்டை அப்படியே 13 வோல்ட் பேட்டரிக்குள் செலுத்த முடியாது. இடையே மின்னேற்றக் கட்டுப்படுத்தி வேண்டும். மலிவான வகை வெறும் சுவிட்சுபோல் வேலை செய்து, தகட்டைப் பேட்டரியின் அழுத்தத்துக்கு இழுத்துவிடும்; 18 வோல்ட் தகட்டை 13இல் இயக்கினால் நூற்றுக்கு எழுபத்திரண்டே தேறும். எம்.பி.பி.டி. எனப்படும் மற்ற வகை, நாம் ஆய்வுக்கூடத்தில் சூரிய மின்கலத்துக்கு வரையும் மின்னழுத்த–மின்னோட்ட வரைகோட்டில், முழங்கால்போல் மடங்கும் இடத்தைத் தானே தேடிப் பிடித்து அங்கேயே நிற்கும். நாம் ஒரு பிற்பகல் முழுதும் மின்தடையைத் திருகித் திருகிக் காணும் புள்ளியை அது ஓயாமல் கண்டுகொண்டே இருக்கிறது! ஒன்று மட்டும் நினைவிருக்க வேண்டும்: குளிரில் தகட்டின் மின்னழுத்தம் உயரும். உறைபனிக் காலையில் பத்து விழுக்காடு கூடினாலும் தாங்கும் கருவியையே தேர்ந்தெடுக்க வேண்டும். மேலும் முதலில் பேட்டரியை இணைத்து, பிறகே தகட்டை இணைக்க வேண்டும். கழற்றும்போது வரிசை தலைகீழ்.

பேட்டரியில் இரு வகை. நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் ஈய-அமில வகையில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். நூறு ஆம்பியர்-மணிக்கு முப்பது கிலோ வரை எடை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் எண்பது, தொண்ணூறு விழுக்காடு வரை எடுக்கலாம். எடையும் பன்னிரண்டு கிலோ அளவுதான். இவ்வண்டிகளில் பெரும்பாலானவை மொத்தம் 3500 கிலோவுக்குள் அடங்க வேண்டியவை. ஆதலால் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. ஆனால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழ் இதை ஏற்றினால், லித்தியம் மின்வாயின் உள்ளே புகாமல் மேலேயே உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுக்கும். பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில், மனிதரோடு மனிதராகச் சூட்டில் வைப்பதன் காரணம் இதுதான். அதன் நேர்முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் இருந்தாக வேண்டும். குறுக்குச் சுற்று ஏற்பட்டால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். மரப் பலகைகளுக்கு நடுவே உறங்குபவருக்குத் தப்பிக்கும் நேரம் மிகக் குறைவு.

நூறு ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி 1280 வாட்-மணி கொள்ளும். நம் 800 செலவுக்கு, கதிரவன் முகம் காட்டாத ஒரு நாளை அது தாங்கிவிடும். குளிரூட்டும் கருவியை இதில் ஓட்ட நினைத்தால் ஒன்றரை மணி நேரம்கூடப் போகாது.

சக்கரத்துக்கு வருவோம். மின்சாரத்தில் ஓடும் இன்றைய வேன் ஒன்று நூறு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 22 யூனிட் செலவிடுகிறது. ஹாம்பர்க்கின் நீண்ட கோடை நாள் முழுதும் நம் கூரை சேர்த்தது 1.05 யூனிட். அதில் அவ்வண்டி ஐந்து கிலோமீட்டர் போகும். அன்று குளிர்பெட்டியையும் விளக்கையும் அணைத்துவிட்டால்தான் அதுவும்.

இக்கணக்கை மாற்றியவர்களும் உண்டு. அவர்கள் நம்மைப் போன்ற மாணவர்களே. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் குழு 2021ஆம் ஆண்டு 'ஸ்டெல்லா வீட்டா' என்னும் கேம்பர் வண்டியைச் செய்து, ஸ்பெயினின் தென்கோடியிலுள்ள தாரிஃபா வரை ஓட்டிச் சென்றது. அவர்கள் தகட்டை மட்டும் கூட்டவில்லை. எடையை 1700 கிலோ அளவுக்குக் குறைத்தனர். காற்றைக் கிழிக்கும் துளி வடிவில் உடலை அமைத்தனர். வண்டி நின்றதும் கூரை மேலெழுந்து, இரு பக்கமும் சிறகுபோல் தகடுகள் விரிந்து, பரப்பு 17.5 சதுர மீட்டராகும். நாம் மேலே பரப்பிய மூன்று தகடுகளைப்போல் அது பத்து மடங்கு.