பேரப்பிள்ளைகளின் விடுமுறையும் தாத்தா பாட்டியின் கைகளும்



கோடை விடுமுறை தொடங்கியதும் நம் அய்யலூர்ப் பகுதி வீடுகளுக்குப் பேரப்பிள்ளைகள் வந்து சேருகிறார்கள். திருப்பூர், கோவை என்று பிழைப்புக்குச் சென்ற மகனும் மகளும், பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். உள்ளூரிலேயே இருக்கும் பெற்றோரும் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கு ஷிப்டுக்குப் போய்விட்டால், பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர்கள் முதியவர்களும் பிள்ளைகளும்தான். ஒரே திண்ணையில்தான் இருக்கிறார்கள். ஆனால் பேச்சு இல்லை. "சாப்பிட்டியா? வெயில்ல போகாத" என்ற இரண்டு வார்த்தைகளோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு பிள்ளைக்குக் கைபேசி, தாத்தாவுக்குத் தூக்கம்.

கைபேசியைப் பிடுங்கி வைப்பதால் மட்டும் பேச்சு வந்துவிடாது. இருவரும் சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும். கைகள் வேலையில் இருக்கும்போது பேச்சு தானாக வரும். அறிவுரை சொல்லும் தாத்தாவைவிட, வண்டி செய்யத் தெரிந்த தாத்தாவின் பக்கத்தில்தான் பிள்ளை உட்காரும். அதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. நம் ஊரிலேயே கிடைக்கும் பொருள்களைக் கொண்டு செய்யக்கூடிய சிலவற்றை இங்கே பார்ப்போம்.

1. நுங்கு வண்டி

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். ஏப்ரல், மே மாதங்களில் நுங்கு கிடைக்கும். நுங்கைத் தின்று முடித்த காய்களில் ஒரே அளவான இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாண் நீளமுள்ள உறுதியான குச்சியின் இரு முனைகளையும் சீவி, முனைக்கு ஒன்றாகக் காய்களின் நடுவில் குத்திச் செருகினால் அச்சும் சக்கரமும் தயார். பிள்ளையின் நெஞ்சு உயரத்திற்கு ஒரு கவட்டைக் கம்பு எடுத்து, கவட்டையை அச்சின்மேல் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். அரிவாளும் கத்தியும் பெரியவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். சரியான கம்பைத் தேடி வருவது பிள்ளையின் பொறுப்பு.

2. ஓலைக் காற்றாடி

குருத்தோலை ஞாயிறன்று ஓலையில் சிலுவை மடிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குக் காற்றாடி கடினமல்ல. ஒரே நீளமுள்ள இரண்டு பனை ஓலைத் துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்து, சிலுவை வடிவமாக அமையுங்கள். நடுவில் ஒரு கருவேல முள்ளைச் செருகி, அந்த முள்ளைச் சோளத்தட்டையின் நுனியில் குத்துங்கள். ஓலையில் துளை சற்றுத் தளர்வாக இருந்தால்தான் சுழலும். இந்தச் சிறு நுட்பத்தைச் சொல்லிக் கொடுக்கப் பாட்டி வேண்டும். கோடையில் பிள்ளை ஓடினால் சுற்றும். ஆடிக்காற்றில் சும்மா பிடித்தாலே சுற்றும். பூவரசு இலையைச் சுருட்டி ஒரு முனையை நசுக்கி ஊதினால், காற்றாடியோடு பீப்பியும் சேர்ந்துவிடும்.

3. புளியங்கொட்டை விளையாட்டு

கோடையில் பல வீடுகளில் பாட்டிமார் புளி தட்டிக் கொட்டை எடுப்பார்கள். அந்தக் கொட்டைகளை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியும்வரை கல்லில் தேய்த்தால் தாயக்கட்டைக்குப் பதிலாகப் பயன்படும். பல்லாங்குழிக்குப் பலகை தேவையில்லை. மண்தரையில் இரண்டு வரிசையாக ஏழு ஏழு குழிகள் போதும். குழிக்கு ஐந்து கொட்டை இட்டால் மொத்தம் எழுபது. ஒரு குழியில் நான்கு கொட்டை சேர்ந்தால் அது 'பசு'. அந்தப் பக்கத்துக்கு உரியவர் அதை எடுத்துக்கொள்ளலாம். கணக்குப் பாடத்துக்குப் பயப்படும் பிள்ளைகூட இங்கே மனக்கணக்குப் போடும். கண் மங்கிய பாட்டியும் விரலால் எண்ணி விளையாடலாம்.

4. குடிலுக்கு மண் ஆடுகள்

அரையாண்டுத் தேர்வு விடுமுறையோடு கிறிஸ்து பிறப்பு விழாவும் வருகிறது. அசிசி நகர் புனித பிரான்சிஸ் 1223ஆம் ஆண்டு கிரேச்சோ என்னும் ஊரில் முதன்முதலாக அமைத்த குடிலில் கடையில் வாங்கிய சுரூபங்கள் இல்லை. வைக்கோலும் மாடும் கழுதையும் இருந்தன. வியாழக்கிழமைதோறும் ஆட்டுச்சந்தை கூடும் நம் ஊரில் குடிலுக்கான ஆடுகளைக் களிமண்ணில் நாமே செய்யலாமே! வெள்ளாட்டின் வால் நிமிர்ந்திருக்கும், செம்மறியின் வால் தொங்கும் என்பதை ஆடு மேய்த்த தாத்தாவிடம் கேட்டால் தெரியும். பத்து நாள்களுக்கு முன்பே ஒரு தட்டில் கேழ்வரகை விதைத்துத் தண்ணீர் தெளித்து வந்தால் குடிலுக்குப் பச்சைப் புல்லும் கிடைக்கும்.

5. தாத்தா சொல்ல, பேரன் எழுத

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தாத்தா சிறுவயதில் கண்ட மரங்கள், கிணறுகள், ஓடைகள், விலங்குகள் பற்றி அவர் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதிப் படம் வரையட்டும். நம் காடுகளில் வாழும் தேவாங்கைப் பற்றித் தாத்தா தமக்குத் தெரிந்த கதைகளைச் சொல்வார். அது இரவில் நடமாடும், பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவும், அதற்காகவே 2022ஆம் ஆண்டு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது, இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம் அதுதான் என்று பிள்ளை தாத்தாவுக்குச் சொல்லட்டும். கற்பிப்பது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் நடக்க வேண்டியதில்லை.

இவையெல்லாம் வெறும் பொழுதுபோக்குதானே என்று நமக்குத் தோன்றலாம். செட்டிநாட்டில் பனை ஓலையால் முடையும் 'கொட்டான்' கூடைகள் ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தன. பிளாஸ்டிக் வந்தபின் அந்தக் கலை மறையும் நிலைக்கு வந்தது. அந்த முடைச்சல் இளைய பெண்களுக்கு மீண்டும் கற்பிக்கப்பட்டதால்தான் அது பிழைத்தது. பின்னர் புவிசார் குறியீடும் பெற்றது. கைத்திறனைப் புத்தகத்தில் எழுதி வைத்துக் காப்பாற்ற முடியாது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனால்தான் அது வாழும். இடையில் ஒரு தலைமுறை கற்காமல் விட்டால் அத்தோடு முடிந்தது.

முதியவர்களுக்கும் இதில் பெரும் நன்மை உண்டு. மூன்று வேளை உணவும் மருந்தும் கிடைத்தும், "என்னால் இனி யாருக்கு என்ன பயன்?" என்ற ஏக்கத்தோடு இருப்பவர்கள் நம் வீடுகளில் பலர். "பாட்டி, இது சுத்த மாட்டேங்குது, கொஞ்சம் பாரு" என்று பேத்தி வந்து நிற்பதே அந்த ஏக்கத்துக்குப் பதில்.

பெரியவர்களுக்குச் சில வேண்டுகோள்கள்: பிள்ளை செய்தது கோணலாக இருந்தால் பிடுங்கித் திருத்தாதீர்கள்; கோணல் வண்டியும் ஓடும். வேலைக்கு நடுவே படிப்பு மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும். பெற்றோர்களே, படம் எடுத்து அனுப்பச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள், செய்து முடிக்கட்டும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டு, ஜூலை மாத நான்காவது ஞாயிறைத் தாத்தா பாட்டிகள் மற்றும் முதியோருக்கான உலக நாளாக ஏற்படுத்தினார். அன்னை மரியாவின் பெற்றோரான புனிதர்கள் சுவக்கீன், அன்னா விழாவை ஒட்டி வரும் அந்த ஞாயிறில் முதியவர்களுக்குச் சால்வை போர்த்துவதோடு நாம் நின்றுவிடுகிறோம். இனி திருப்பலி முடிந்ததும் கோவில் வராண்டாவில் ஒரு பாய் விரித்து, ஓலையும் புளியங்கொட்டையும் வைப்போம். முதியவர்கள் உட்கார்ந்து கற்பிக்கட்டும், பிள்ளைகள் சூழ்ந்திருந்து கற்கட்டும்.

அதற்கு ஜூலை வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த விடுமுறையில் நம் வீட்டுப் பெரியவரிடம், "நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப என்ன செஞ்சு விளையாடுனீங்க?" என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்வோம். மற்றதை அந்தக் கைகள் பார்த்துக்கொள்ளும்.